அடைப்பெடுக்கும் ஸ்பிரிங்கும் கார்ட்லெஸ் டிரில்லும்

பெண்கள் விடுதி நடத்துகிறவர்களுக்கு வாடகை பாக்கி, சாப்பாட்டுக் குறை எல்லாம் அப்புறம்தான். முதல் தலைவலி முடி. கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் கல்லூரிகளை நம்பி விடுதி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெள்ளியும் ஞாயிறும் எல்லாரும் தலைக்குக் குளிப்பார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு பாத்ரூமில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். எங்கள் கட்டடத்தில் குளிக்க வருவது போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, வெள்ளைத் திப்பியாகப் பிரியும். அந்தத் திப்பி முடியில் ஒட்டி, அதன்மேல் சீயக்காய்த் தூளும் சேர்ந்தால் பைப்புக்குள் ஒரு கயிறே திரிந்துவிடும். ஆசிட் ஊற்றினால் டைல்ஸில் படிந்த உப்புக் கறை போகும், முடிக்கு ஒன்றும் ஆகாது.

எங்களுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் அண்ணனிடம் கையால் சுற்றும் டிரம் ஸ்பிரிங் ஒன்று இருந்தது, பைப்புக்குள் விட்டு அடைப்பெடுக்கும் நீளச் சுருள் கம்பி. அவர் வந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடிக்க முடியாது, கிடைக்கிற வேறு ஆட்கள் சொல்லும் கூலி நம்மை மலைக்க வைக்கும். சரி, நாமே வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். கட்டில் ஸ்குரூ, அலமாரிக் கீல் இதற்கெல்லாம் ஏற்கெனவே ஒரு கார்ட்லெஸ் டிரில் விடுதியில் இருந்தது. அதில் மாட்டுகிற மாதிரி டிரம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் கூடுதல் உற்சாகம்.

பிளம்பர் அண்ணனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. தொழில் போகிறதே என்ற கவலை என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "கையில சுத்தறப்ப ஸ்பிரிங்கு எங்க இடிக்குது, எங்க மாட்டுதுன்னு கைக்குத் தெரியும் அம்மணி. டிரில்லுல போட்டா அது தெரியாது. தெரியறப்ப மணிக்கட்டு முறுக்கியிருக்கும்." இந்தத் தொழிலில் டிரில்லைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதில் இருக்கிறது. மீதி, டிரில்லின் பலத்தை எப்படிக் குறைத்து வைத்துக்கொள்வது என்பது.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து கடையிலேயே ஆரம்பிக்கிறது. அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் என்று கேட்டால் பொதுவாக மூன்று வகை எடுத்துப் போடுவார்கள். முதல் வகை, வளைந்த கைப்பிடியுள்ள வெறும் ஸ்பிரிங், கையால் மட்டும் சுற்றுவது. இரண்டாவது வகையும் வெறும் ஸ்பிரிங்தான், பின்முனையில் டிரில்லில் மாட்ட ஒரு அறுகோணத் தண்டு வைத்திருப்பார்கள். விலை குறைவு என்பதால் இதுதான் நிறைய விற்கிறது. நான் வாங்க மாட்டேன், யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். பைப்புக்குள் ஒரு மீட்டர் போயிருந்தால் மீதி நாலு மீட்டர் பாத்ரூம் தரையில் வெளியே கிடக்கும். டிரில்லை அமுக்கியதும் அந்த நாலு மீட்டரும் சுழலும். உள்ளே முனை மாட்டிக்கொண்டால் வெளியே கிடப்பது எங்கே துள்ளும், யார் காலைச் சுற்றும் என்று சொல்லவே முடியாது.

மூன்றாவது வகை டிரம். ஸ்பிரிங் முழுவதும் ஒரு மூடிய டப்பாவுக்குள் சுருண்டிருக்கும், தேவையான நீளம் மட்டும் மூக்கு வழியாக வெளியே வரும். மூக்கில் ஒரு திருகாணி இருக்கும், அதை இறுக்கினால் ஸ்பிரிங் அந்த நீளத்தில் பிடிபடும். டிரம்மின் பின்னால் உள்ள தண்டைத்தான் டிரில் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வும் வாயில், மாட்ட வேண்டும். இதிலும் ஒன்று பார்க்க வேண்டும். டிரில்லில் மாட்டலாம் என்று பெட்டியிலோ கூட வரும் தாளிலோ எழுதியிருக்கிறதா, எவ்வளவு வேகம் வரை என்று போட்டிருக்கிறதா? சில டிரம்கள் கையால் சுற்ற மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டையே டிரில்லில் கவ்வ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரம் தகடு கிழிந்து ஸ்பிரிங் வெளியே வந்தால் அது ஒரு அறைக்குள் சுழலும் சாட்டை.

நாங்கள் வாங்கியது 25 அடி நீளம், அதாவது ஏழரை மீட்டர் சொச்சம். வாஷ்பேசின் பைப்புக்கு 6 மில்லிமீட்டர் ஸ்பிரிங் போதும். பாத்ரூம் தரையிலிருந்து போவது 75 மில்லிமீட்டர் பைப் என்பதால் அதற்கு 8 மில்லிமீட்டரில் இன்னொன்று. மெல்லிய ஸ்பிரிங்கைப் பெரிய பைப்பில் விட்டால் அது முன்னால் போகாது, உள்ளேயே வளைந்து திரும்பித் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். 110 மில்லிமீட்டர் மெயின் பைப்பில் இந்த இரண்டையுமே விடக் கூடாது.

இனி டிரில். என் அப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். கோவையில் தெருவுக்குத் தெரு பம்பு, மோட்டார்தானே. ஓடும் மோட்டாரைப் பிடித்து நிறுத்தினால் கரண்ட் எகிறும், காயில் சூடாகும், வார்னிஷ் வாசனை வரும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே மூக்குக்குப் பழக்கம். கார்ட்லெஸ் டிரில்லுக்கும் அதே கதைதான். ஆனால் இதில் மோட்டார் நிற்கும் முன்பே வேறு ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும். அது ஸ்பிரிங்காக இருக்கலாம், நம் மணிக்கட்டாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண 18 வோல்ட் டிரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். டிரில்லின் நடு அச்சிலிருந்து நம் கை பிடித்திருக்கும் இடம் 15, 20 சென்டிமீட்டர் தள்ளி. 50 நியூட்டன் மீட்டரை 20 சென்டிமீட்டருக்கு வகுத்தால் 250 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ எடையின் இழுப்பு. முன்னறிவிப்பு இல்லாமல், ஒரே நொடியில், பக்கவாட்டில். இடம் போதாத பாத்ரூமில் குந்தி உட்கார்ந்திருக்கும்போது இது வந்தால் கை சுவரிலோ குழாயிலோ போய் அடிக்கும். எங்களிடம் இருப்பது 12 வோல்ட், அதன் உச்சமே சுமார் 30 நியூட்டன் மீட்டர்தான். முடி அடைப்புக்கு அதுவே அதிகம்.

டிரில்லின் முன்பக்கம் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறதே, ஸ்குரூ போடும்போது திருப்புவோமே, அதுதான் கிளட்ச். ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் டிரில் பிட் படம் வரும். அந்தப் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது, முழு பலமும் போகும். நிறைய பேர் துளை போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதே நிலையில் ஸ்பிரிங்கை மாட்டினால் தொலைந்தோம். நான் எண் 3, 4-ல் ஆரம்பிப்பேன். ஸ்பிரிங் முனை எதிலாவது இடித்து நின்றதும் கிளட்ச் ‘டரக் டரக்’ என்று நழுவும். அந்தச் சத்தம்தான் எனக்குக் கைக்குப் பதிலாகக் காது. தேவைப்பட்டால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுவேன், பாதிக்கு மேல் போனதில்லை. பாதியிலும் போகவில்லை என்றால் உள்ளே இருப்பது முடி இல்லை என்று அர்த்தம்.

மேலே உள்ள கியர் பட்டன் 1-ல் இருக்க வேண்டும். 2-ல் வைத்தால் நிமிடத்துக்கு 1500 சுற்று வரை போகும் டிரில்கள் சாதாரணம். 1-ல் நானூறு சொச்சம். அதையும் முழுதாக அமுக்க வேண்டியதில்லை. டிரிக்கரை லேசாக அமுக்கி, நொடிக்கு இரண்டு மூன்று சுற்று, டிரம் சுழல்வதைக் கண்ணால் எண்ண முடிகிற வேகம். சுத்தியல் படம் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இவ்வளவு ஏன் என்றால், முனை மாட்டிக்கொண்டு பின்பக்கம் சுழன்றால் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் முறுக்கை வாங்கிச் சேமித்துக்கொண்டே இருக்கும். ஈரப் புடவையை இரண்டு பேர் பிடித்துப் பிழியும்போது ஒரு கட்டத்துக்கு மேல் நடுவில் புடைத்துச் சுருட்டிக்கொள்ளுமே, அதேதான். ஸ்பிரிங்கில் அந்தச் சுருட்டல் பைப்புக்கும் டிரம்முக்கும் நடுவில், நம் கை இருக்கிற இடத்தில் எழும்பும். எழும்பினதும் மடங்கும், அல்லது முனை விட்டு அவ்வளவு முறுக்கும் ஒரேயடியாக அவிழும். இரண்டுமே விரலுக்கு ஆகாது.

மோட்டாரால் ஸ்பிரிங்கைச் சுழற்றுவது ஒன்றும் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து சாமுவேல் பிளாங்க் என்பவர் 1930-களிலேயே வாஷிங் மெஷின் மோட்டார், ரோலர் ஸ்கேட் சக்கரம், இரும்புக் கேபிள் இவற்றை வைத்து மரவேர் அறுக்கும் இயந்திரம் செய்துவிட்டார். பெரிய கம்பெனியாகவும் ஆனது. ஆனால் தொழில்முறை இயந்திரத்துக்குத் தரையில் உட்கார ஒரு இரும்புச் சட்டம் உண்டு, காலால் அமுக்கும் சுவிட்ச் உண்டு. காலை எடுத்தால் நிற்கும். நம் டிரில்லில் அந்தச் சட்டமும் நாம்தான், சுவிட்சும் நம் விரல்தான். கை இழுபடும்போது விரல் தானாக இறுகுமே தவிர விடாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கட்டடத்தில் இரண்டு பையன்கள் அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் டிரில்லைப் பிடித்திருக்கிறான், இன்னொருவன் தரையில் குந்தி ஸ்பிரிங்கைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறான். கையில் நூல் கையுறை, வெள்ளையாக, புள்ளி வைத்து வருமே அது. வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று நான் வாசலிலிருந்து இரண்டு படி ஏறுவதற்குள் கத்தல். கையுறையின் ஒரு இழை ஸ்பிரிங்கின் சுருளுக்குள் போயிருக்கிறது. சுருள் அதை இழுத்து, கையுறையை இழுத்து, ஆள்காட்டி விரலையும் சேர்த்து இரண்டு சுற்று. டிரில் பிடித்திருந்தவனுக்குக் கத்தல் கேட்கிறது, ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அவன் முகம் டிரில் பக்கம். நகம் முழுதாகப் பெயர்ந்து வந்துவிட்டது. எலும்பு முறியாமல் தப்பித்தது என்று அப்புறம் எக்ஸ்ரே எடுத்துச் சொன்னார்கள். ரத்தத்தோடு சாக்கடைத் தண்ணீரும் கலந்திருந்ததால் டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக் என்று அது தனி அலைச்சல்.

அன்றிலிருந்து எங்கள் விடுதியில் இரண்டு விஷயம் மாறவே மாறாது. டிரில்லையும் ஸ்பிரிங்கையும் ஒரே ஆள்தான் பிடிக்க வேண்டும். உதவிக்கு ஆள் இருக்கலாம், வாளி எடுத்துக் கொடுக்கலாம், டார்ச் அடிக்கலாம், ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, நூல் கையுறையும் துணியும் சுழலும் ஸ்பிரிங் பக்கம் வரக் கூடாது. சமையலறை ரப்பர் கையுறையை மட்டும் போட்டுக்கொண்டு பிடித்தாலும் அதே இழுப்புத்தான். உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை, அதன்மேல் வெல்டிங்காரர்கள் போடுவது மாதிரித் தோல் கையுறை. ரப்பர் அழுக்குத் தண்ணீருக்கு, தோல் ஸ்பிரிங்குக்கு. அப்படிப் போட்டிருந்தாலும் சுழலும்போது ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்க மாட்டேன், குழி வாயில் கோணிக்கொள்ளாமல் திசை காட்டுவதோடு சரி.

உடுப்பு விஷயத்தில் ஆண்களுக்கு எழுதி வைத்த கையேடுகள் சட்டைக் கையை மடிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. எங்களுக்குத் துப்பட்டா இருக்கிறது, முந்தானை இருக்கிறது, நைட்டிமேல் போட்ட துண்டு இருக்கிறது, இடுப்பு வரை பின்னல் இருக்கிறது. குனிந்தால் இவை எல்லாமே முன்னால்தான் விழும். நான் சுடிதாரில், துப்பட்டா இல்லாமல், பின்னலைக் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துத்தான் உட்காருவேன். வளையல், மோதிரம் கழற்றி வைப்பது யாருக்கும் தோன்றும். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு யாருக்கும் தோன்றாது. இறுக்கமாக இருந்தால் கையுறைக்குள் தள்ளிவிடலாம், தொங்கினால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆண்களுக்கு லுங்கி. மடித்துக் கட்டிய லுங்கி குந்தும்போது அவிழாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. காலில் வழுக்காத ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. ஸ்பிரிங் வெளியே வரும்போது தெறிக்கிற துளி நேராகக் கண்ணைத்தான் தேடி வரும். அந்தத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

வேலை என்று வந்தால், டிரில்லை எடுக்கும் முன் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுவேன். ஒரு பாத்ரூமில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, அதன் நேர் கீழே உள்ளதிலும் நிற்கிறதா? தரைத்தளத்தில் எல்லாவற்றிலும் எதிர்த்து வருகிறது என்றால் அடைப்பு வெளியே சேம்பரிலோ (பைப்புகள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) அதற்கு அப்பாலோ இருக்கிறது. பாத்ரூமுக்குள் எவ்வளவு சுற்றினாலும் வீண்.

அடுத்தது ஆசிட். இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. சுத்தம் செய்யும் அக்கா காலையில் ஆசிட் ஊற்றினாரா, அல்லது பிள்ளைகள் யாராவது கடையில் விற்கும் காஸ்டிக் தூளைக் கொட்டினார்களா? கொட்டியிருந்தால் நிற்கிற தண்ணீரே ஆசிட் அல்லது காரம். அதில் சுழலும் ஸ்பிரிங்கை விட்டால் சுவரெல்லாம் தெறிக்கும், முகத்திலும்தான். ஸ்பிரிங்கும் சீக்கிரம் அரிக்கும். அடைப்பு போகவில்லையே என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் போடுவது இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் மூச்சு முட்டும். நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பது, தண்ணீர் நின்றால் எதையும் ஊற்றாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள். யாராவது ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்று டிரில் கிடையாது. பிளம்பர் அண்ணனுக்கு போன் போட்டு, என்ன ஊற்றியது என்பதையும் சொல்லிவிடுவேன்.

பிறகு குழியை மூடியிருக்கும் ஜாலியை எடுத்து, நிற்கும் தண்ணீரை மக்கில் மொண்டு வாளியில் ஊற்றிக்கொள்வேன். குழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழிக்குக் கீழே இருக்கும் நானி டிராப்பில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கேதான் எப்போதும் இரண்டங்குலத் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. முடி முதலில் உட்காருவதும் அங்கேதான். பெரும்பாலும் வளைந்த கம்பி ஒன்றை விட்டுக் கொக்கி போட்டு இழுத்தாலே பாதி வந்துவிடும். டிரில் தேவைப்படாத நாட்கள் நிறைய உண்டு. கம்பிக்கு வரவில்லை என்றால்தான் டிரம்.

முதலில் டிரில் இல்லாமல், கையால் தள்ளித் தள்ளி, இடிக்கிற வரைக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட வேண்டும். இது முக்கியம். வளைவில் இடிப்பது ஒரு மாதிரி இருக்கும், ‘டொக்’ என்று கெட்டியாக. முடியில் இடிப்பது மெத்தென்று இருக்கும், தள்ளினால் கொஞ்சம் போய்த் திரும்பி வரும். அந்த வித்தியாசத்தைக் கை தெரிந்துகொண்ட பிறகுதான் டிரில்லை மாட்டுவேன். குழி வாய்க்கும் டிரம் மூக்குக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் ஸ்பிரிங் தெரியக் கூடாது. திருகாணியை இறுக்கி, டிரில்லின் திசை முன்னோக்கி இருக்கிறதா என்று பார்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு லேசாக அமுக்குவேன். நாலைந்து நொடி, நிறுத்தம். தள்ளிப் பார்ப்பேன். போனால் திருகாணியைத் தளர்த்தி இன்னும் ஒரு சாண் விட்டு, இறுக்கி, மறுபடி நாலைந்து நொடி. திருகாணியைத் தொடும்போதெல்லாம் விரல் டிரிக்கரில் இருக்கக் கூடாது. திசை பட்டனை நடுவில் வைத்தால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் அந்த நடு நிலை.

கிளட்ச் நழுவினாலோ, நடுவில் தெரிகிற ஸ்பிரிங் வில் மாதிரி எழும்ப ஆரம்பித்தாலோ, விரலை எடுத்துவிட வேண்டும். அப்போது டிரம் தானாகக் கொஞ்சம் பின்னால் சுழன்று முறுக்கை விடும், விடட்டும். பின்னோக்கிச் சுழற்றும் பட்டன் மாட்டிக்கொண்ட முனையை விடுவிக்க மட்டும், அதுவும் இரண்டு மூன்று சுற்று. பின்னோக்கியே ஓட்டினால் சுருள் இளகி விரியும், கழற்றி மாட்டும் முனை என்றால் பைப்புக்குள்ளேயே கழன்று தங்கிவிடவும் கூடும்.

முடி பிடிபட்டது தெரியும். டிரம் சுழலும் சத்தம் கனத்து, இழுத்தால் ரப்பர் மாதிரி ஒரு இழுவை இருக்கும். அப்போது முன்னோக்கியே மெதுவாகச் சுழற்றிக்கொண்டு வெளியே இழுக்கலாம், ஆனால் முனை குழி வாய்க்கு வரும் முன் டிரில் நின்றிருக்க வேண்டும். காற்றில் சுழலும் முனை அழுக்கை நாலு சுவருக்கும் பூசும். கடைசி ஓரடியைக் கையால் இழுப்பேன். வருவது ஒரு சாம்பல் நிறக் கயிறு, கட்டை விரல் கனம், அதில் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலை, ஒரு கொண்டை ஊசி, சில நேரம் மினுங்கும் ஒட்டுப் பொட்டு. அதை உருவுகிற வேலைக்குப் போகும் முன் பேட்டரியைக் கழற்றி, பாத்ரூமுக்கு வெளியே வைத்துவிடுவேன். முடி ஸ்பிரிங்கின் முனையில் இறுகச் சுற்றியிருக்கும், விரலை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் முழங்கால் டிரிக்கர் மேல் பட்டால் போதும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சுழித்துக்கொண்டு இறங்கினால் சரி.

சமையலறை சிங்க் கதையே வேறு. எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் படிந்து வரும் அடைப்பை ஸ்பிரிங் ஒரு துளை போட்டுவிட்டு வந்துவிடும், இரண்டு வாரத்தில் மறுபடி அடைக்கும். சிங்குக்குக் கீழே உள்ள பாட்டில் டிராப்பைக் கையால் கழற்றிக் கழுவுவது பத்து நிமிட வேலை. நெளிநெளியான வேஸ்ட் பைப்புக்குள் டிரில்லோடு ஸ்பிரிங்கை விட்டால் அந்தப் பைப்பே கிழியும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறார்கள், பி.வி.சி. அந்தச் சூட்டுக்கு இளகும். கை பொறுக்கிற சூடு போதும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் இந்த ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். பீங்கானில் கறுப்புக் கோடுகள் விழும், போகாது. அதற்கு ரப்பர் உறை போட்ட தனிக் கம்பி உண்டு. புதுக் கட்டடம் என்றால் டைல்ஸ்காரர்கள் கழுவிவிட்ட சிமெண்டுப் பால் பைப்பில் இறுகியிருக்கும். எங்கள் இரண்டாவது மாடியில் ஒன்று அப்படி இருந்தது, ஸ்பிரிங் அதன்மேல் ‘கிர்ர்’ என்று சுழன்றதே தவிர இம்மி நகரவில்லை. பைப்பை வெட்டி மாற்றியாயிற்று.

ஒயர் டிரில் இருக்கிறதே, அது இன்னும் பலம்தானே என்று கேட்கிறார்கள். பலம் வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைவிட, 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் ஒயரை ஈரத் தரையில் இழுத்து, ஈரக் கையில் டிரில்லைப் பிடிப்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டடத்தில் இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். கார்ட்லெஸ்ஸில் அந்த பயம் இல்லை, ஆனால் அதுவும் தண்ணீரில் போடுகிற சாமான் இல்லை. ஈர ஸ்பிரிங் டிரம்முக்குள் திரும்பும்போது தண்ணீரும் உள்ளே போகும், டிரம்மைத் தூக்கிப் பிடித்தால் அது அப்படியே சக் வழியாக டிரில்லுக்குள் வடியும். டிரம் எப்போதும் டிரில்லைவிடத் தாழ்வாக இருக்கட்டும். காற்றுத் துளைகளை பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள், சூடாகிவிடும். தண்ணீரில் விழுந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், அதை மறுபடி சார்ஜரில் போடுவது தீயோடு விளையாட்டு.

சேம்பருக்கு அப்பால் போகிற அடைப்பு நம் வேலை இல்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குத்தான் எனக்கு உரிமை. இறங்குவதும் கிடையாது, ஒருவரை இறக்குவதும் கிடையாது. மலத்தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும், அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, நாற்றம் போய்விட்டதே என்று இறங்கியவர் திரும்ப மாட்டார். 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. "ஐந்நூறு ரூபாய் கொடுங்க, ஒரு பையன் இறங்கி எடுத்துடுவான்" என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். சாக்கடை, மலத்தொட்டிச் சுத்தத்துக்கான உதவி எண் 14420-க்கு அழைத்தால் இயந்திரத்தோடு வருவார்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் மாநகராட்சி ஜெட் வண்டியைக் கேட்கலாம். ஒரு நாள் தாமதமானாலும் பிள்ளைகள் பக்கத்து மாடியில் குளித்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை அப்படியே டிரம்மில் சுருட்டி வைத்தால் அடுத்த முறை துருவோடு வரும். நான் முழுதாக வெளியே இழுத்து, மொட்டை மாடியில் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவி உள்ளே விடுவேன். கழுவும்போதே விரலால் நீவிப் பார்த்தால் மடிப்பு விழுந்த இடம் தெரியும். மடிந்த இடத்தில்தான் அடுத்த முறை முறியும், நிமிர்த்திப் பார்த்து ஏமாற வேண்டாம். முனைப் பக்கம் என்றால் பிளம்பர் அண்ணன் அந்தத் துண்டை வெட்டி முனையை மறுபடி மாட்டித் தருகிறார், நடுவில் என்றால் புது ஸ்பிரிங். குழிகளுக்கு மேல் பத்து ரூபாய் பிளாஸ்டிக் வலை வாங்கிப் போட்டதிலிருந்து டிரம் அடிக்கடி வெளியே வருவதில்லை. பிள்ளைகள் வலையில் சேர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போடச் சலித்துக்கொண்டு சுவர் டைல்ஸில் ஒட்டி வைக்கிறார்கள், அது வேறு பஞ்சாயத்து.

டிரம்முக்கு மாடிப்படிக்குக் கீழே தனி ஆணி இருக்கிறது. டிரில் மட்டும் உள்ளே வரும், ஏனென்றால் சமையலறை அலமாரிக்கு ஸ்குரூ போடுவதும் அதே டிரில்தான். சக்கையும் கைப்பிடியையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காமல் அந்தப் பக்கம் கொண்டுபோனால் எங்கள் சமையல் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். விடுதி என் பெயரில் இருந்தாலும் அந்த அறைக்குள் அவர் சொல்வதுதான்.